தெருவுக்கு ஒரு ஃபிக்ஸி: கஸ்டம் கார்பனா, கஸ்டம் ஸ்டீலா?

என் உயரம் 163 சென்டிமீட்டர். ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் இந்த எண் எவ்வளவு பெரிய விஷயம் என்பது முதல் வாரமே புரிந்தது. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடைவேகத்தில் வளைந்து திரும்பியபோது ஷூவின் முனை முன்சக்கரத்தில் உரசியது. சாதாரண சைக்கிள் என்றால் மிதிப்பதை நிறுத்தி, காலைத் தோதான இடத்தில் வைத்துக்கொண்டு வளைந்துவிடலாம். ஃபிக்ஸியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வளைவின் நடுவில் எந்தக் கால் முன்னே வரும் என்பது நம் கையில் இல்லை. சின்ன ஃபிரேம், செங்குத்தான தலைக்குழாய் (ஹேண்டில்பார் உட்காரும் முன்குழாய்), முழு அளவு 700சி சக்கரம் மூன்றும் சேர்ந்தால் இந்த உரசல் வந்தே தீரும்.

கஸ்டம் ஃபிரேம் என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. எடை குறையவேண்டும் என்று வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், கார்பன் ஃபிக்ஸி கட்டப்போகிறேன் என்று என்னிடம் கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் கிராம் கணக்கோடுதான் வருகிறார்கள். தெருவில் ஓட்டுகிறவருக்கு ஃபிரேமின் வடிவக் கணக்கு எடையைவிட முக்கியம். அந்த வடிவக் கணக்கை ஸ்டீலிலும் வாங்கலாம், கார்பனிலும் வாங்கலாம். அதனால் உண்மையான போட்டி கஸ்டம் கார்பனுக்கும் கஸ்டம் ஸ்டீலுக்கும்தான். மற்றவற்றையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

டிராக் கார்பனைத் தெருவுக்குக் கொண்டுவருவது

ஃபெல்ட், டோலன், லுக் போன்ற நிறுவனங்கள் வெலோட்ரோம் என்ற டிராக் பந்தய அரங்குக்காகவே கார்பன் ஃபிரேம்கள் செய்கின்றன. பந்தயத்தில் ஓட்டியவர்கள் அவற்றை விற்கும்போது ஆசைப்படும் விலையில் கிடைக்கும். நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். பார்க்கக் கத்தி மாதிரி இருந்தது. ஆனால் டிராக்கில் பிரேக்கே கிடையாது என்பதால் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பிரேக் மாட்டும் துளை இல்லை. 23 மி.மீ. டயருக்கு மேல் இடமில்லை. மிதிக்கும் விசை வரும் திசைக்காகவே இழைகளை அடுக்கியிருந்ததால், மேல்குழாயின் சுவர் விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போவதுபோல் இருந்தது.

ஃபோர்க்கில் நாமே துளை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கார்பனில் விசையைத் தாங்குவது தொடர்ந்து ஓடும் இழை. அந்த இடத்தைத் துளைக்காகத் தடிப்பாக அடுக்கியிருக்காவிட்டால், நீங்கள் வெட்டுவது ஃபோர்க்கின் உயிர்நாடியை.

பிரேக் இல்லாமலே ஓட்டுவது என்பது இங்கே பேச்சுக்கே இடமில்லாதது. 2021 ஆகஸ்ட் முதல் சிங்கப்பூரில் பொதுப் பாதைகளில் கைப்பிரேக் இல்லாத சைக்கிளை ஓட்டுவது குற்றம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பலமாடி வாகன நிறுத்தத்தில் பிரேக் இல்லாத ஃபிக்ஸி ஓட்டிய 13 வயதுச் சிறுமி கீழே விழுந்து இறந்துபோனது இங்கே எல்லோரையும் உலுக்கியது. பிரிட்டனிலும் 1983-ஆம் ஆண்டு விதிகளின்படி ஃபிக்ஸிக்கு முன் பிரேக் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், இயற்பியலைப் பார்த்தாலே போதும். வேகம் குறையும்போது உடல் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின்சக்கரத்தின் பிடி குறைந்துவிடுகிறது. பின்சக்கரத்தை மட்டும் பூட்டிச் சறுக்கி நிற்க, நல்ல முன் பிரேக்குக்குத் தேவையான தூரத்தைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். ஸ்கிட் அடிப்பது ஒரு திறமை, எனக்கும் பிடிக்கும். ஆனால் குழந்தை குறுக்கே ஓடிவரும்போது நான் நம்புவது முன் பிரேக்கை.

அந்த டிராக் ஃபிரேமின் முடிவு மிகச் சாதாரணமாக வந்தது. அதை நடைபாதைக் கம்பியில் சாய்த்து வைத்திருந்தேன். காற்றில் ஹேண்டில்பார் திரும்பி, வண்டி சரிந்து, மேல்குழாய் கம்பியின் முனையில் மோதியது. பெயின்ட்டில் ஒரு நகம் அளவுக்குக் கீறல், அவ்வளவுதான். ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தபோது மற்ற இடங்களில் டிங் என்று கேட்ட ஒலி அங்கே மட்டும் மந்தமாக இருந்தது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். நாணயச் சோதனையை முழுதாக நம்ப முடியாது, அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால்தான் உறுதி. ஆனாலும் அதன்பிறகு அந்த ஃபிரேமில் ஏறி நெரிசல் சாலையில் போக எனக்கு மனம் வரவில்லை.

அலுமினியம் பற்றிச் சுருக்கமாக

லீடர், ஸ்டேட் போன்றவர்களின் அலுமினிய ஃபிரேமும் கார்பன் ஃபோர்க்கும் சேர்ந்த வண்டிதான் முதல் ஃபிக்ஸிக்குச் சரி. விறைப்பாக இருக்கும், விலை தாங்கும், கீறல் பட்டால் கவலை இல்லை. உங்கள் உடல் அளவு கடை அளவுக்குப் பொருந்தினால் இந்த ஒப்பீட்டை மேலே படிக்கவே தேவையில்லை, அதை வாங்கி ஓட்டத் தொடங்கிவிடுங்கள். எனக்குப் பொருந்தவில்லை.

கஸ்டம் என்றால் கார்பனில் என்ன அர்த்தம்

கார்பன் ஃபிரேம் செய்வதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, அச்சில் வார்ப்பது. அச்சு செய்வதற்கு ஏராளமான செலவு ஆகும். அதனால் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அச்சு, அதற்குள்தான் எல்லோரும் அடங்கவேண்டும். அச்சில் வார்த்த ஃபிரேமுக்கு உங்கள் பெயரையும் பிடித்த நிறத்தையும் பூசிக் கொடுத்து கஸ்டம் என்று விற்கிறார்கள். அதில் மாறுவது பெயின்ட் மட்டுமே.

இன்னொன்று, தனித்தனிக் கார்பன் குழாய்களை உங்கள் கோணத்துக்கு வெட்டி, ஒட்டி, மூட்டுகளின்மேல் ரெசின் ஊறிய கார்பன் துணியைச் சுற்றிச் சுட்டு இறுக்குவது. இத்தாலியில் சார்ட்டோ, டெக்சாஸில் கிரம்ப்டன், கலிஃபோர்னியாவில் கால்ஃபீ போன்ற பட்டறைகள் இப்படித்தான் அளவெடுத்துச் செய்து பெயர் வாங்கியவை. கால்ஃபீயின் கார்பன் ஃபிரேம்களை 1991 டூர் டி பிரான்ஸிலேயே அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டின் அணி ஓட்டியது. இந்த முறையில் தலைக்குழாயின் கோணத்தை 75 பாகையிலிருந்து 72-க்கு இறக்கலாம், முன்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளலாம், என் ஷூ உரசாது. பெடல்களின் அச்சு உட்காரும் மிதிமையத்தையும் உயர்த்திக் கேட்கலாம். வளைவில் பெடலை நிறுத்த முடியாத வண்டிக்கு அது உயரமாக இருந்தால்தான் பெடல் தரையில் இடிக்காது. 165 மி.மீ. குட்டைக் கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) போடுவதும் அதற்காகத்தான்.

இதே மாற்றங்களை ஒரு ஸ்டீல் பட்டறை இன்னும் எளிதாகச் செய்துவிடும். பொதுவாகக் கார்பனைவிட விலையும் குறைவு. சரி, மீதிப் பணத்துக்குக் கார்பன் என்ன தருகிறது?

என் இரண்டு வண்டிகளின் எடைக் கணக்கைச் சொல்கிறேன். இரண்டிலும் ஒரே கார்பன் ஃபோர்க், ஒரே சக்கரங்கள். ஸ்டீல் வண்டி 8.4 கிலோ, கார்பன் வண்டி 7.6 கிலோ. வித்தியாசம் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொஞ்சமும். மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் உட்காராமல் மிதிக்கும்போது அது தெரிகிறது. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கின் சமதளத்தில் தெரியவே இல்லை. சிக்னலில் நின்று புறப்படும் அந்த முதல் மூன்று மிதிகளில் கார்பன் வண்டி சட்டென்று முன்னே பாயும் உணர்வு நிஜம். கியர் மாற்ற முடியாத வண்டியில் அந்தப் பாய்ச்சல் இனிமையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதிர்வு குறைவது பற்றிப் பேசுவதில் பாதிப் பெருமை டயருக்குப் போகவேண்டியது. ஸ்டீல் வண்டியில் 25 மி.மீ. டயரைக் கழற்றி 28 போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தபோது கிடைத்த சுகம், ஃபிரேம் மாற்றியதில் கிடைத்ததைவிட அதிகம்.

ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் என்ற டிராக் சைக்கிள் பந்தயத்தைப் பாருங்கள். ஆண்களின் வழக்கமான கெய்ரினில் இன்றும் ஸ்டீல் ஃபிரேம்தான், ஒவ்வொரு வீரருக்கும் கையால் செய்தது. 2012-இல் தொடங்கிய பெண்கள் கெய்ரினில் கார்பன். ஒரே நாட்டில், ஒரே விளையாட்டில் இரண்டும் ஓடுகின்றன. ஸ்டீல் மெதுவானது என்று சொல்பவர்கள் அந்தக் கடைசிச் சுற்றைப் பார்க்கவேண்டும்.

டிராப்அவுட், பூட்டு, கடல்காற்று

ஃபிக்ஸி ஃபிரேமில் மிகவும் அடிபடும் இடம் பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட். முன்னே மிதித்தாலும் சரி, ஸ்கிட்டுக்காகப் பின்னே அழுத்தினாலும் சரி, செயின் அச்சை முன்னோக்கியே இழுக்கிறது. அதை அசையாமல் பிடிக்க 15 மி.மீ. நட்டை முழுப் பலத்தோடு இறுக்கவேண்டும். டயர் பஞ்சராகும்போதெல்லாம், செயின் தொய்யும்போதெல்லாம் இந்த இறுக்கலும் தளர்த்தலும் நடக்கும். வெறும் கார்பன் இதற்கு ஈடுகொடுக்காது, நட்டின் பற்கள் கடித்துக் கடித்து அரைத்துவிடும். கழற்றி மாற்றக்கூடிய உலோகத் தகடு கட்டாயம். ஸ்டீலில் இந்தக் கவலையே இல்லை.

பூட்டு விஷயத்தில்தான் இரண்டும் முழுதாகப் பிரிகின்றன. எம்ஆர்டி ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்தத்தில் பக்கத்து வண்டி சரியும். யாரோ அவசரத்தில் தன் வண்டியை உருவும்போது அவர் பெடல் நம் குழாயில் இடிக்கும். நம் யூ-லாக்கே ஆடி ஆடித் தட்டும். ஸ்டீலில் அது ஒரு தழும்பு. கார்பனில் அது ஒரு கேள்வி, வேகமாக இறங்கும் ஒவ்வொரு தடவையும் மனசில் வரும் கேள்வி. பழுதும் பார்க்கலாம், நன்றாகவே பார்க்கலாம். அடிபட்ட இடத்தைத் தேய்த்து, புதிய அடுக்குகளைச் சுற்றிப் பழைய பலத்துக்குக் கொண்டுவரும் கைகள் இருக்கின்றன. ஆனால் அடிபட்டது என்று முதலில் நமக்குத் தெரியவேண்டுமே.

கடல்காற்றில் இரண்டுக்கும் நோய் வரும். ஸ்டீல் உள்ளிருந்து துருப்பிடிக்கும். குழாய்களுக்குள் துருத் தடுப்பு எண்ணெய் தெளித்து, மழையில் நனைந்தால் சீட்போஸ்ட்டை (இருக்கைத் தண்டு) கழற்றித் தலைகீழாகக் காயவைக்கவேண்டும். கார்பன் தானாகத் துருப்பிடிக்காது. ஆனால் அதோடு நேரடியாக ஒட்டியிருக்கும் அலுமினியம் உப்பு ஈரத்தில் அரிக்கும். ஆறு மாதம் கழற்றாமல் விட்ட அலுமினிய சீட்போஸ்ட் கார்பன் ஃபிரேமில் பசைபோட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். கார்பன் பேஸ்ட் தடவி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து 5 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது என் பழக்கம்.

அதனால் என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டியை எங்கே பூட்டுவீர்கள் என்றுதான். லிஃப்டில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், அலுவலகத்திலும் உள்ளே வைக்க முடிந்தால் கஸ்டம் கார்பன் கட்டுங்கள், அது தரும் சந்தோஷத்துக்கு ஈடில்லை. வெளியில் நிறுத்த வேண்டியிருந்தால் ஸ்டீலும் கார்பன் ஃபோர்க்கும். என் வேலைநாள் வண்டி ஸ்டீல்தான்.

சக்கரத்தில் மட்டும் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை: எந்த ஃபிரேமாக இருந்தாலும் அலுமினிய ரிம். இங்கே மதியம் திடீரென்று கொட்டும் மழையில் பழைய பாணிக் கார்பன் ரிம்மை பிரேக் பிடித்தால் முதல் சில மீட்டர் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். சாங்கி பக்கக் கடலோரச் சாலையில் பக்கவாட்டுக் காற்று ஆழமான முன் ரிம்மைத் தள்ளுவது வேறு.

கியரில் 48-க்கு 16 (முன் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் 16) என்று வாங்கிவிடாதீர்கள். மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஆகவே ஒரே காலை முன்வைத்து ஸ்கிட் அடிக்கும்போது டயரின் ஒரே இடம் தேயும், சீக்கிரமே நூல் தெரியும். 47-க்கு 17 போட்டால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும், இரண்டு காலாலும் அடிக்கத் தெரிந்தால் 34. பகிர்வுப் பாதைகளின் உச்ச வேகமான 25 கி.மீ.க்கு அதில் நிமிடத்துக்குச் சுமார் 70 மிதி, நிதானமான தாளம்.

கார்பன்தான் என்று முடிவு செய்துவிட்டால், பட்டறைக்கு எழுதும் மடலில் இவை இருக்கட்டும்: பிரேக் துளையோடு வரும் ஃபோர்க், 28 மி.மீ. டயருக்கு இடம், பின்சக்கரம் உட்காரும் இடத்தில் 120 மி.மீ. அகலம், மாற்றக்கூடிய உலோக டிராப்அவுட், தெருவுக்கென்று தடித்த மேல்குழாய். எடை நூற்றைம்பது கிராம் கூடும் என்று சொல்வார்கள், கூடட்டும். ஷூ அளவையும் எழுதுங்கள், அதை யாரும் கேட்பதில்லை. ஃபிரேம் வந்ததும் ஃபோர்க்கின் கழுத்துக்குழாயை அன்றே வெட்டிவிடாதீர்கள். ஸ்பேசர் வளையங்களை அடுக்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், முதுகும் மணிக்கட்டும் உயரத்தைச் சொல்லும். அப்புறம் வெட்டலாம்.