பிபிஇ கிட்: வார்டுக்குத் தைத்தது, வீட்டு டூட்டிக்குத் தாங்குமா?

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சென்னையில் எத்தனையோ வீடுகளின் படுக்கையறைகள் வார்டாக மாறின. ஏஜென்சி அனுப்பிய சிஸ்டர்கள் கையில் ஒரு பிபிஇ கிட்டோடு, அதாவது தொற்றிலிருந்து காக்கும் உடைத் தொகுப்போடு வந்தார்கள். தலையை மூடும் ஹூட் வைத்த, உடல் முழுவதையும் மூடும் வெள்ளை கவரால், ஒரு என்95 மாஸ்க், காகிள்ஸ், ஃபேஸ் ஷீல்டு, இரண்டு ஜோடி கையுறை, ஷூ கவர், ஒரு குப்பைப் பை. இதே கிட் இன்றும் விற்பனையில் இருக்கிறது. தனியாளாக 12 மணி நேரம் ஒரு வீட்டுக்குள் நோயாளியைப் பார்க்கிறவருக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

துணியில் பெரிய குறை இல்லை, அசல் கிட்டாக இருந்தால். 90 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 90 கிராம் எடை) நெய்யாத துணி, மேலே லேமினேஷன் என்கிற பிளாஸ்டிக் படலம், தையல் மேல் டேப். கொரோனா தொடங்கியபோது இந்தத் துணியைச் சோதித்துச் சான்று கொடுத்த ஆய்வகங்களில் முக்கியமானது கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா. செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்தி, ஊடுருவுகிறதா என்று பார்ப்பார்கள். ஐஎஸ்ஓ 16603 சோதனையில் 3ஆம் வகுப்பு என்றால் 3.5 கிலோபாஸ்கல் வரை தாங்க வேண்டும். தேறிய துணிக்கும் உடைக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. உடையின் லேபிளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும் ஒரு தடவை உடையை உள்வெளியாகத் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசித் துளை வழியே வெளிச்சம் தெரிந்தால் டேப் ஒட்டவில்லை என்று அர்த்தம். துணி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்தத் துளை வழியே ஈரம் இறங்கிவிடும்.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. பெரும்பாலும் எக்ஸ்எல் அல்லது ஃப்ரீ சைஸ்தான் வரும். வீட்டு டூட்டிக்கு வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். உயரம் குறைந்தவருக்கு ஹூட் கண்ணை மறைக்கும், கால் துணி தடுக்கும். உடல்வாகு பெரியவருக்குக் கழுத்திலிருந்து கவட்டு வரையான நீளம் போதாது. குனிந்தவுடன் ஹூட் பின்னால் இழுத்து, அடுத்த குனிதலில் கவட்டுத் தையல் பிரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக் கட்டில் முழங்கால் உயரம்தான். ஆக்சிஜன் அளவு கூட நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும் முறையில், 4, 5 தலையணைகளை இடம் மாற்றி, 30 நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் அவரைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி இழுத்தால்தான் முடியும். யூரின் பேக்கைக் காலி செய்யக் குத்த வைக்கவும் வேண்டும். அதனால் உடையைப் போட்டதும் ஒரு தடவை குத்த வைத்து, இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். இழுத்தால் அந்த அளவு சரிப்படாது. கட்டில் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து அரை அடி உயர்த்துங்கள். செலவு அதிகமில்லை, சிஸ்டரின் இடுப்பும் தப்பும், உடையும் தப்பும்.

அடுத்தது வெக்கை. லேமினேஷன் வைரஸை மட்டுமா தடுக்கிறது, வியர்வையையும் உள்ளேயே பூட்டிவிடுகிறது. காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்து, ஏசியை அணைத்த அறையில், சென்னை மே மாதத்தில், ஒரு மணி நேரத்தில் உள்ளாடை நனைந்துவிடும். கையுறைக்குள் வியர்வை தேங்குவதால் சர்க்கரை பார்க்க விரலில் குத்துவதுகூடத் தடுமாறும். காகிள்ஸில் பனி படர்வதற்குக் காரணம் பெரும்பாலும் மாஸ்க்கின் மூக்குக் கம்பி சரியாக அழுந்தாததுதான். மூக்கின் மேல் மைக்ரோபோர் டேப் ஒட்டினால் பாதி குறையும். கோவிட் வார்டுகளில் உடையோடு நின்ற நேரம் பொதுவாக 4 முதல் 6 மணி. வீட்டு டூட்டி 12 மணி, ஒரு கிட். கழற்றினால் போடுவதற்கு இன்னொன்று இல்லை என்பதால் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, டையப்பர் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மாதவிடாய் நாட்களில் இது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. 12 மணி டூட்டிக்கு மூன்று கிட் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்புவது அவர் உடம்பைக் காசாக்குவது.

கழற்றும்போதுதான் தொற்று அதிகம் ஒட்டும். ஆஸ்பத்திரியில் அதற்குத் தனி அறையும், பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் உண்டு. வீட்டில் இரண்டும் இல்லை. நோயாளி அறையை ஒட்டிய பால்கனியிலோ மாடிப்படித் திருப்பத்திலோ ஒரு நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, சானிடைசர், மிதித்துத் திறக்கும் குப்பைக்கூடை வைத்துக் கொடுங்கள். வெளிக் கையுறை, ஷீல்டு, காகிள்ஸ், பிறகு ஜிப். ஹூட்டிலிருந்து தொடங்கி உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறங்கி, ஷூ கவரோடு சேர்த்துக் கழற்ற வேண்டும். பின்பு உள் கையுறை, கடைசியில் மாஸ்க். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே கை சுத்தம். அவசரமாக மாஸ்க்கை முதலில் கழற்றுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு, 12 மணி நேரம் மூச்சு முட்டியவர் அதைத்தான் செய்யத் துடிப்பார்.

எங்கள் தீர்ப்பு: காசு குறைவாக இருந்தால் கவராலுக்குப் போடாதீர்கள், மாஸ்க்குக்குப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம்கூட கோவிட் பராமரிப்புக்குக் கவுன், கையுறை, மாஸ்க், கண் பாதுகாப்பு என்றுதான் சொன்னது; முழு கவராலைக் கட்டாயமாக்கவில்லை. துவைக்கும் முழுக்கை காட்டன் கவுன், மேலே பிளாஸ்டிக் ஏப்ரன், ஷீல்டு, முகத்தோடு ஒட்டி நிற்கும் வால்வு இல்லாத என்95. இந்த செட் வீட்டில் நன்றாகவே வேலை செய்யும், கழிவறைக்கும் போய் வரலாம். கிட்டோடு வரும் மாஸ்க்கை நம்பாதீர்கள், தனியாக வாங்குங்கள். மருந்தை ஆவிபோல் மாற்றி மூச்சுக்குள் அனுப்பும் நெபுலைசர் போட வேண்டாம். டாக்டரிடம் கேட்டு, ஸ்பேசர் (இன்ஹேலரோடு இணைக்கும் குழாய்) வைத்த இன்ஹேலராக மாற்றினால் காற்றில் துளி பரவுவது குறையும்.

2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீடு, அரசு கேட்டுக் கோவிட் பணிக்கு எடுத்த தனியார் ஊழியரையும் சேர்த்தது. தனி வீட்டுக்கு ஏஜென்சி அனுப்பிய சிஸ்டர் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே ஏஜென்சியிடம் கிட் எத்தனை என்று கேட்பதோடு, அவருக்குத் தொற்று வந்தால் தனிமை நாட்களுக்குச் சம்பளம் யார் தருவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கழற்றிய கவரால், காகிள்ஸ், ஷீல்டு, நைட்ரைல் கையுறை மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பையில். மாஸ்க், ஷூ கவர் மஞ்சள் பையில். நாற்காலியையும் கூடையையும் கிருமி கொல்லும் 1 சதவீத ஹைப்போகுளோரைட்டால் துடைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். இந்த வேலையை வீட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், டூட்டி முடிந்த சிஸ்டர் அந்த நேரத்தில் குளிக்கட்டும்.