பாப்பாவின் பகல் யார் கையில்?

பிரசவ விடுப்பு 26 வாரம். 2017-இல் சட்டம் திருத்தப்பட்டதால் கிடைத்த இந்த ஆறு மாதம் முடிகிற நேரம்தான் குழந்தைக்குத் திட உணவு தொடங்கும் நேரமும். என்ன ஊட்டுவது, எப்போது ஊட்டுவது என்று வீடே குழம்பிக் கிடக்கும்போது ஆயாம்மா வேலைக்கு வந்து சேருகிறார். சென்னையில் எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் மூன்று விதமாக நடத்திப் பார்த்தோம்.

முதலில் மணிவாரி அட்டவணை. 9.30 கேழ்வரகுக் கூழ், 10.15 குளியல், 11 தூக்கம் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். புதிதாக வந்தவருக்கு அது பிடிமானம்தான். பாட்டி ஒன்று சொல்ல ஆயாம்மா ஒன்று செய்யும் சண்டையும் வராது. ஆனால் பகலில் மூன்று முறை தூங்கும் குழந்தை இரண்டு முறைக்கு மாறுவதும் இந்தப் பருவத்தில்தான். ஒட்டின தாள் சீக்கிரமே பழசாகிவிட்டது. அதைவிடப் பெரிய கோளாறு வேறு. "கரெக்டா 11 மணிக்குத் தூங்கிட்டாம்மா" என்று தினமும் போனில் பதில் வரும். வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு நாள்தான் தெரிந்தது: 11 மணிக்குத் தொட்டிலில் போட்டது உண்மை, தூங்கினது 11.50-க்கு. அவர் பொய் சொல்லவில்லை, தாளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். நடுவில் நான் அடித்த போன் எத்தனை தூக்கத்தைக் கலைத்ததோ!

அடுத்து, எல்லாம் அவர் பொறுப்பு என்று விட்டோம். மூன்று பிள்ளை வளர்த்தவர். பாப்பா கண்ணைக் கசக்குவதற்கு முன்பே தூக்கம் வருவதைக் கண்டுபிடித்துவிடுவார். அழுகை குறைந்தது, சாப்பாடு இறங்கியது. ஒரு நாள் பார்த்தால் நாக்கில் தேன். "என் புள்ளைங்களுக்கும் குடுத்தேன்மா, நல்லாத்தான இருக்குதுங்க!" ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம் என்று நான் அதுவரை சொல்லவே இல்லையே. தப்பு என்னுடையது.

இப்போது நடப்பது மூன்றாவது. நேரம் அவருடையது, எல்லைகள் எங்களுடையவை. ஒரு வயது வரை தேனும் இல்லை, குடிக்கப் பசும்பாலும் இல்லை. செல்போன் காட்டக்கூடாது, ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதலும். எடுத்து வைத்த தாய்ப்பால் வெளியே நாலு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும், சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே. கேட்காமல் மருந்து கிடையாது. மற்றபடி எப்போது குளிப்பாட்டுவது, எப்போது மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவது எல்லாம் அவர் இஷ்டம். அன்றன்று நடந்ததை எழுதி வைக்கச் சொன்னால் சங்கடப்படுவார் என்பதால், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் குறைமாதக் குழந்தைக்கோ, மருந்து நடந்துகொண்டிருக்கும் குழந்தைக்கோ டாக்டர் சொன்ன மணிக்கணக்கை அப்படியே எழுதித்தான் ஒட்ட வேண்டும். யாராக இருந்தாலும் முதல் இரண்டு வாரத்துக்கும் தாள் நல்லதே.

மூன்று ஏற்பாட்டிலும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது: ஆயாம்மா சாப்பிடும் நேரம். இடுப்பில் பாப்பாவோடு நின்றபடியே அவர் சோறு உண்பதைப் பார்க்க எனக்கு நாலு மாதம் ஆனது. இப்போது மதியம் பாப்பா தூங்கினதும் சாப்பிட்டுவிட்டு, தொட்டில் பக்கத்திலேயே பாய் விரித்துக் கொஞ்சம் சாய்கிறார். பாப்பா துணியை ராத்திரி நானோ அவள் அப்பாவோ மடித்துக்கொள்கிறோம்.