பெற்றவர் தெரியாதவருக்கு நோய் வரலாறு: கோப்பா, எச்சிலா, ரத்தமா?

வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்ல வழி செய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியதே சேலத்தில்தான். அப்படித் தொட்டிலில் விடப்பட்டுத் தத்துப் போன பலருக்கு இப்போது வயது முப்பதைத் தொட்டுவிட்டது. "வீட்டுல யாருக்காவது சுகர், ஹார்ட் பிரச்சினை உண்டா?" என்று மருத்துவர் கேட்கும் வயது. பதில் தேட மூன்று வழிகள் உண்டு. ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்கு விடை தருபவை அல்ல.

முதலாவது, 'காரா' எனும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் வழியாக 'வேர் தேடல்', அதாவது பெற்றவர் யார் என்று கோப்புகளில் தேடுவது. 18 வயது நிரம்பியவர் தாமே விண்ணப்பிக்கலாம். அவருக்காக வேறொருவர் தேட விதி இடம் தருவதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இதற்கு உதவும். குழந்தையை எழுதிக்கொடுத்து ஒப்படைத்த தாய் மறுத்தால் அவர் விவரம் கிடைக்காது. தொட்டில் குழந்தையின் கோப்பில் பெரும்பாலும் தாயின் பெயரே இருக்காது. ஆனாலும் குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தாயைத் தொடர்புகொள்ள முடிந்தால், அடையாளம் வேண்டாம், நோய் விவரம் மட்டும் போதும் என்று தனிக் கடிதம் வைப்பது நல்லது. இளவயது மாரடைப்பு, 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், வலிப்பு, திடீர் மரணம், மயக்க மருந்தால் வந்த சிக்கல் என்று ஐந்தாறு கேள்விகள் போதும். பேர் சொல்ல அஞ்சுகிறவர்கூட இதற்குப் பதில் சொல்லக்கூடும்.

(சொந்தத்துக்குள் தத்துப் போயிருந்தால் கதை வேறு. பதிவான தத்துப் பத்திரத்தில் பெற்றவர் பெயர் இருக்கும். அதை வில்லங்கச் சான்றில் தேடிப் பயனில்லை. சார்பதிவாளரிடம், சொத்து சாராத பத்திரங்கள் பதியும் 4-ஆம் புத்தகத்தில் பார்க்கச் சொல்லி நகல் கேட்க வேண்டும்.)

இரண்டாவது, எச்சில் மாதிரி அனுப்பி டிஎன்ஏ மூலம் உறவினரைத் தேடுவது. இருவருக்கும் எவ்வளவு டிஎன்ஏ பொதுவானது என்பதைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். பெற்றவரோடு சுமார் 3,400 சென்டிமார்கன் பொருந்தும்; பெற்றோருடன் பிறந்தவரின் பிள்ளையோடு சராசரியாக 850-ஐ ஒட்டி வரும். நம் ஊரில் இந்தக் கணக்கு வழுக்கும். அக்கா மகளையும் அத்தை மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில், தூரத்து உறவுகள் பல கூடி நெருங்கிய உறவுபோலக் காட்டும். மொத்த எண்ணை மட்டும் நம்பாமல் பொருந்தும் டிஎன்ஏ துண்டுகளில் மிக நீளமானதைப் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளே நிறைய இருந்தால், பழைய உறவுகள் பின்னிக் கிடக்கின்றன என்று பொருள். இந்தத் தளங்களில் தமிழர் குறைவு என்பதால் பலருக்கு யாரும் பொருந்துவதேயில்லை. பொருந்தினாலோ, முதலில் தகவல் எட்டுவது தாய்க்கு அல்ல, அவருடைய சொந்தக்காரருக்கு. அந்தத் தாயின் இன்றைய வாழ்க்கையை அது குலைத்துவிடக்கூடும். இத்தளங்களின் ஆரோக்கிய அறிக்கையும் தேர்ந்தெடுத்த சில மரபணு மாற்றங்களையே பார்க்கிறது. 'இல்லை' என்று வந்தால் நிம்மதியடைய முடியாது.

மூன்றாவது, உங்கள் உடலையே கேட்பது. நோய்தான் கவலை என்றால் இதையே முதலில் செய்யச் சொல்வோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, தாலசீமியா எனும் பரம்பரை ரத்தசோகைக்கான எச்பிஎல்சி ரத்தப் பரிசோதனை நான்கும் சேலத்திலேயே ஆகும். எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 190-ஐத் தாண்டினால் பரம்பரைக் கொழுப்பு நோயா என்று பார்க்க வேண்டும், எச்பிஎல்சியில் எச்பிஏ2 எனும் ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் தாலசீமியா கடத்தியாக (நோயின்றி அதன் மரபணுவைச் சுமப்பவராக) இருக்கலாம், மணத்துக்கு முன் துணைவரையும் சோதிக்க வேண்டும். மரபணு முழுப் பரிசோதனை அடுத்த படி. வேலூர் சிஎம்சியில் மரபியல் துறை இருக்கிறது. ஆலோசனை பெறாமல் ஆய்வகத்துக்கு நேரே பணம் கட்டாதீர்கள். இந்தியர் தரவு குறைவு என்பதால் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்ற முடிவு அடிக்கடி வரும். அது நோய் அல்ல. அதை வைத்து அறுவை சிகிச்சை முடிவு எடுக்கக் கூடாது.

மருத்துவப் படிவத்தில் குடும்ப வரலாறு 'இல்லை' என்று எழுத விடாதீர்கள், 'தெரியாது' என்று எழுதச் சொல்லுங்கள். இந்திய நீரிழிவு அபாய மதிப்பீட்டில் பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20 மதிப்பெண்; 60-ஐ எட்டினால் அபாயம் அதிகம். தெரியாததைச் சுழியம் என்று போட்டால் பெற்றோர் இருவருக்கும் நோய் இருந்து 60-ஐ எட்ட வேண்டியவர் 40-லேயே நின்றுவிடுவார், அவருக்குப் பரிசோதனை எழுதாமலே போகலாம்.