ஈறில் இரத்தம் வந்தபோது விளம்பரத்தை நம்பி 7,800 ரூபாய் இழந்தேன்

நேற்று மாலை கும்பகோணத்திலிருந்து திரும்பியது முதல் ஆத்திரம் ஆறவில்லை. குறுவை நெல் விற்ற பணத்தில் 7,800 ரூபாய் போயிற்று. அதைவிடக் கொடுமை, அம்மாவின் கீழ்வரிசைப் பற்கள் இரண்டு இனி நிற்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

சென்ற ஆண்டு, பல் துலக்கித் துப்பும்போதெல்லாம் அம்மாவுக்கு இரத்தம் வந்தது. ஈறு சிவந்து தடித்திருந்தது. வலி இல்லாததால் நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. அப்போதுதான் மூலிகைப் பற்பொடியும் ஈறு எண்ணெயும் விற்கும் ஒரு தளத்தின் விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்து என் எண்ணைப் பதிந்தேன். பத்தே நிமிடத்தில் ஒரு பெண் அழைத்தார். அம்மாவிடமே பேச வேண்டும் என்று கேட்டு, எத்தனை ஆண்டாக வெற்றிலை போடுகிறார், சர்க்கரை உண்டா என்றெல்லாம் பொறுமையாக விசாரித்தார். "பல் மருத்துவரிடம் போனால் சுத்தம் செய்கிறேன் என்று சுரண்டிப் பல்லை ஆட்டிவிடுவார்கள், அம்மா. இதைத் தேயுங்கள், மூன்று மாதத்தில் ஈறு கெட்டிப்படும்" என்றார். எங்கள் தெருவே நம்பும் அச்சத்தை அவரும் சொன்னதால், விவரம் தெரிந்த நம் வீட்டு மனிதர் பேசுவது போலிருந்தது; அங்கேதான் ஏமாந்தேன். 7,800 ரூபாயையும் முன்பணமாகவே அனுப்பினேன்.

இரத்தம் நிற்கவில்லை. அழைத்துக் கேட்டால், கெட்ட இரத்தம் வெளியேறுகிறது என்றார்கள். மறுமாதம், வெற்றிலையை விடாததுதான் குற்றம் என்றார்கள். பணத்தைக் கேட்டதும், டப்பாவைத் திறந்துவிட்டதால் திருப்பித் தர இயலாது என்றார்கள். இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை.

நேற்று அரசு மருத்துவமனையின் பல் பிரிவில், மருத்துவர் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுக்கம்பியை விட்டுப் பார்த்தார். 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய ஆழம் சில இடங்களில் 7 இருந்தது. இரத்தம் வந்த தொடக்கத்திலேயே, பல்லில் படிந்து கல்போல இறுகும் அழுக்கான காரையை எடுத்திருந்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும் என்றும், கரைந்த தாடை எலும்பு தானாக வளராது என்றும், சுத்தம் செய்வதால் பல் ஆடுவதில்லை, எலும்பு கரைவதால்தான் ஆடுகிறது என்றும் அவர் விளக்கியபோது எனக்குப் பேச்சே எழவில்லை.

துலக்கும்போது இரத்தம் வந்தாலோ, ஈறு இறங்கிப் பல் நீண்டாற்போல் தெரிந்தாலோ, வாய் நாற்றம் போகாமலிருந்தாலோ உடனே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். புகையிலை போடுகிறவர்களுக்கு இரத்தம் அதிகம் வராமலே நோய் முற்றக்கூடும். இறுகிய காரையை எந்தப் பொடியும் கரைக்காது. வாயைப் பார்க்காமல் மருந்து சொல்பவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். திங்கட்கிழமை பல் எடுக்க அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டும். இதற்குமேல் எழுத மனம் இல்லை.