17 டாலருக்கு ஒரு மலர்வளையம்: பணம் கட்டினேன், நேரிலும் போனேன்

டிசம்பரில் அமெரிக்க ராணுவ வீரர்களின் கல்லறைகளில் மலர்வளையம் வைக்கிறார்களே, அந்த ‘ரீத்ஸ் அக்ராஸ் அமெரிக்கா’வைப் பற்றித்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். அந்த அம்மாவால் இப்போது குளிரில் நடக்க முடியாது, அதனால்தான் அவர் கணவரின் கல்லறைக்கு ஒரு வளையத்துக்குப் பணம் கட்டினேன், அப்புறம் சும்மா இருக்க மனமில்லாமல் தன்னார்வலராகவும் பெயர் கொடுத்தேன்.

ஒரு வளையம் 17 டாலர். அவர்கள் இணையதளத்தில் கல்லறைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து கார்டில் கட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது. பேர்தான் மலர்வளையம், பூவே கிடையாது. பால்சம் ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் தழையை அடர்த்தியாக வளைத்துக் கட்டி, ஒரு பெரிய சிவப்பு ரிப்பன், அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், கையுறையில் ஒட்டிய பிசினோடு அது காருக்குள்ளும் வந்துவிட்டது. தரத்தில் ஒரு குறையும் இல்லை.

மெய்ன் மாநிலத்தில் இந்த வளையங்களைச் செய்து விற்கும் மோரில் வூஸ்டர், 1992-ல் மிஞ்சிப்போனவற்றை வாஷிங்டன் பக்கத்தில் இருக்கும் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், ஆள் வரத்து குறைந்துபோன பழைய பகுதியில் வைக்கக் கொடுத்ததுதான் ஆரம்பம். 2005-ல் பனியில் கிடந்த வளையங்களின் படம் ஒன்று இணையமெங்கும் பரவியது, 2007-ல் இந்த முயற்சி தனி அமைப்பாகப் பதிவானது. ஒன்று தெரிந்துகொண்டு பணம் போடுங்கள்: அமைப்பு வளையங்களை வாங்குவது வூஸ்டர் குடும்பத்தின் கம்பெனியிடம்தான். அவர்கள் அதை மறைப்பதில்லை, ஆனாலும் எனக்கு அது நெருடியது. உள்ளூர்க் குழு ஒன்றின் வழியாகக் கட்டினால் 17-ல் 5 டாலர் அந்தக் குழுவுக்குப் போகும், நான் இனிமேல் அப்படித்தான் கட்டப்போகிறேன்.

சரி, நேரில் போன கதைக்கு வருகிறேன். வளையத்தைக் கல்லில் சாய்த்து, ரிப்பன் மேல்பக்கம் வரும்படி சரிசெய்து, நிமிர்ந்து நின்று, கல்லில் இருக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாவீதின் நட்சத்திரம் பொறித்த யூதர் கல்லறைகளில், குடும்பத்தார் கேட்டிருந்தால் தவிர, வளையம் வைக்கக் கூடாது, நின்று பெயரை மட்டும் சொல்லலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். என் பக்கத்தில் எட்டு வயது இருக்கும் ஒரு பையன், நீளமான போலந்துப் பெயர் ஒன்றோடு மல்லுக்கட்டினான். மூன்று தடவை தடுமாறி, நாலாவது தடவை அம்மாவைக் கேட்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டி, முழுசாகச் சொன்ன பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தான். உன் பெயரைச் சுருக்கித்தான் கூப்பிடுவோம் என்று அடம்பிடித்த அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அது என்ன என்று புரியும். போரில் விழுந்தவனின் பெயரைக் கல்லில் வெட்டி மயிற்பீலி சூட்டிய நம் நடுகற்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

வருத்தமும் உண்டு. குறிப்பிட்ட கல்லறைக்கென்றே நான் கட்டியிருந்தும், அங்கிருந்த ஒருங்கிணைப்பாளரின் பட்டியலில் அது இல்லை. கடைசி இரண்டு வரிசைக்கு வளையமே எட்டவில்லை, அந்த அம்மாவின் கணவர் இருந்தது அதில் ஒன்றில். லாரி மூலையில் ரிப்பன் கசங்கிக் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்து, ரிப்பனை விரலால் நீவி, நானே வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். நேரில் போகாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. அதனால் குறிப்பிட்ட ஒருவருக்காகக் கட்டுகிறவர்கள் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்தால் நீங்களே போங்கள், இல்லையென்றால் ஒரு வாரம் முன்னாலேயே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் காய்ந்த வளையங்களை எடுக்கவும் ஆள் தேவை. டிசம்பரில் வந்த கூட்டத்தில் கால்வாசிகூட அதற்கு வரவில்லை. தழை பழுப்பாகி, தொட்டாலே உதிர்கிறது, தடிமனான கையுறை கொண்டுபோங்கள்.