லோசான் ஆர் ப்ரூட் அருங்காட்சியகம்: கந்தல் நூலும் கரண்டிக் காம்பும்

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், பழைய போலியூ மாளிகையில் 1976 முதல் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். ஓவியர் ழான் துபுஃபே 1945இலிருந்து தேடிச் சேர்த்ததையெல்லாம் 1971இல் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். எல்லாமே ஓவியப் பள்ளிக்குப் போகாதவர்கள் செய்தவை. இந்த வகைக் கலைக்குத்தான் 'ஆர் ப்ரூட்', அதாவது பச்சைக் கலை, என்று அவர் பெயர் வைத்தார். அவர்களில் பலர் மனநல மருத்துவமனைகளிலேயே வாழ்ந்து முடிந்தவர்கள்.

முதலில் தேட வேண்டியது மார்கெரித் சிர் பின்னிய கல்யாண உடை. பிரான்ஸின் சேன்தல்பான் மருத்துவமனையில், நைந்துபோன படுக்கை விரிப்பிலிருந்து இழை இழையாக நூலை உருவி, வழக்கமாகக் கொக்கி ஊசியால் போடும் குரோஷா பின்னலை வெறும் தையல் ஊசியால் போட்டிருக்கிறார். கொக்கி இல்லாத ஊசியில் ஒவ்வொரு கண்ணியையும் சுற்றிச் சுற்றித்தான் இழுக்க வேண்டும். பழந்துணியின் நூல் நீளமாகவும் வராது, கொஞ்சம் இழுத்தாலே அறும். எட்ட நின்றால் லேஸ் என்று நினைத்துவிடுவீர்கள். பின்னல் தெரியும் அளவுக்குக் கிட்டப் போங்கள்.

அதே மருத்துவமனையில் அடைபட்டிருந்த கிளெமான் ஃப்ரேஸ், 1930-31இல் அறையின் மரச்சுவர் முழுக்கச் செதுக்கினார். கரண்டிக் காம்பில் தொடங்கினார். அதை மருத்துவமனைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டதும் மலச்சட்டியின் கைப்பிடியை எடுத்துக்கொண்டார். கூரில்லாத இரும்பு மர இழையோடு போனால் வழுக்கும், குறுக்கே போனால் பிய்க்கும். செதுக்கியவரின் கையில் எவ்வளவு பொறுமை இருந்தது என்பது இதை நினைத்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

லோசானிலேயே பிறந்த அலோயீஸ் கோர்பாஸ், பொட்டலம் கட்டிவந்த காகிதங்களை நூலால் தைத்து இணைத்து, மீட்டர் கணக்கில் நீளும் சுருள்களில் வரைந்தார். வண்ணப் பென்சிலோடு பூவிதழ்ச் சாறு, பற்பசை எல்லாம் உண்டு. தையல் ஓடும் இடங்களைப் பாருங்கள், உருவங்கள் அதைத் தாண்டிப் போகின்றன.

உள்ளே சுவர்கள் கருப்பு, வெளிச்சம் மங்கல். பூச்சாறு வெயில் பட்டால் வெளிறும், மலிவுக் காகிதம் பழுத்து நொறுங்கும், வேறு வழியில்லை. கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரமாவது வேண்டும். காட்சிப் பொருள்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், எனவே குறிப்பிட்ட ஒன்றுக்காகப் போவதானால் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. படைத்தவரின் நோய்க்கதையைப் படிப்பதற்கு முன் பொருளைப் பாருங்கள். கதையை முதலில் படித்தால் கண் நோயையே தேடும், கைவேலை தப்பிவிடும்.

பெர்ன் நகர மனநல மருத்துவமனையில் இருந்து வரைந்த அடோல்ஃப் வோல்ஃப்லிக்காக வருகிறவர்களுக்கு: வாரம் ஒரு பென்சிலும் இரண்டு பெரிய தாள்களும் மட்டும் கிடைத்த அந்த மனிதரின் படைப்புகளில் பெரும்பகுதி பெர்ன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லோசானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.