சின்ன ட்ரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக்கா, ஓவர்ரன் பிரேக்கா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றும் ட்ரெய்லரும், பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்குப் பலாப்பழம் கொண்டுவரும் ட்ரெய்லரும் பார்க்க ஒரே மாதிரிதான்: ஒற்றை ஆக்சில், பாரத்தோடு ஒன்றரை டன். ஆனால் இரண்டுக்கும் ஒரே பிரேக் சரிப்படாது.

எலக்ட்ரிக்கில் ட்ரம்முக்குள் 12 வோல்ட் காந்தம் இருக்கும். கரண்ட் வந்ததும் அது சுழலும் ட்ரம்மின் முகத்தில் ஒட்டி இழுபடும், அந்த இழுப்பில் நெம்பு நகர்ந்து, பிரேக் ஷூ விரிந்து ட்ரம்மை உள்ளிருந்து பிடிக்கும். எவ்வளவு கரண்ட் என்பதை டிரைவர் பக்கத்துக் கன்ட்ரோலர் தீர்மானிக்கும். ஓவர்ரன்னுக்குக் கரண்டே வேண்டாம். வண்டி வேகம் குறைய, பின்னால் வரும் ட்ரெய்லர் தள்ளும். அதில் ட்ரெய்லரின் கொக்கித் தலை உள்ளே போய், பிரேக் கம்பியையோ பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையோ இயக்கிப் பிரேக் பிடிக்கும்.

எலக்ட்ரிக்கின் பெரிய பலம் டிரைவர் கையில் இருப்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ட்ரெய்லர் வால் ஆடினால், வண்டியின் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலர் லீவரை மட்டும் அழுத்தி நேராக்கலாம். காலியாகப் போகும்போது பிரேக் பிடிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ரிவர்ஸிலும் தொல்லை இல்லை. ஆனால் கன்ட்ரோலர் உள்ள வண்டி இழுத்தால்தான் இதெல்லாம். இன்று பொலேரோ, நாளை பக்கத்து வீட்டு டிராக்டர் என்று மாறி மாறி இழுப்பவர்களுக்கு இந்தச் செலவு வீண்.

மாட்டுவதில் கவனம் வேண்டிய இடம் ஆக்சில். இந்த எடைக்கு வழக்கம் 10 அங்குல ட்ரம், பிரேக் பிளேட்டை மாட்ட ஆக்சிலில் நாலு போல்ட் ஃபிளாஞ்ச். பழைய ஆக்சிலில் ஃபிளாஞ்ச் இல்லையென்றால் வெல்டிங் வைக்க வேண்டும். அது ஆக்சிலுக்குச் செங்குத்தாக உட்காராவிட்டால் ஷூ ஒரு ஓரத்திலேயே தேயும். ஷூவும் காந்தமும் உட்காரும் இந்தப் பிளேட்டில் இடது, வலது தனித்தனி. சின்ன ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மாறிவிட்டால் கரண்ட் சரியாக வந்தாலும் பிடிப்பு மந்தம்தான்.

அடுத்தது வயர். காந்தத்துக்கு 3 ஆம்பியர் அளவில், இரண்டுக்கும் 6. போய்வர 16 மீட்டர் ஓடும் 1 சதுர மி.மீ. வயரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். 2.5 போட்டால் அது பாதிக்கும் கீழே வரும். எர்த்தைக் கொக்கி வழியாக விடுவது பட்டறைகளில் சாதாரணம், அதுதான் தப்பு. உப்புக் காற்றில் கொக்கி உட்காரும் பந்து துருப்பிடித்ததும் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். எர்த்துக்குத் தனி வயர் இழுங்கள். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றால் ட்ரம்மைக் கழற்றும் முன் மீட்டர் வையுங்கள்: ஒரு காந்தம் 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. ட்ரம் சுழலாமல் நிற்கும் வரை ஷூவை இறுக்கி, லேசாக உரசிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். கொக்கி கழன்றால் தானே பிடிக்கும் பிரேக் அவே ஸ்விட்ச்சும் அதற்கான சின்ன பேட்டரியும் இல்லாமல் எலக்ட்ரிக் வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது. நிறுத்தி வைக்க ஹேண்ட் பிரேக்கும் இதில் வராது, கட்டை வைக்க வேண்டும்.

ஓவர்ரன்னில் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் உண்டு. பின்னால் தள்ளினால் தானே பிடிப்பதால், தானாக விடுபடும் வகை ஷூ வேண்டும், இல்லையேல் கொக்கித் தலை உள்ளே போகாமல் தடுக்கும் பூட்டுப் பின். அந்தப் பின்னை எடுக்க மறந்து கிளம்பினால் பிரேக்கே கிடையாது. மணலும் உப்பும் சேர்ந்து கொக்கித் தலையின் தண்டு உள்ளே சிக்கிக்கொண்டால் பிரேக் பிடித்தபடியே ஓடும். நிறுத்தியதும் ஹப் அருகே கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். மாதம் ஒருமுறை கிரீஸ் அடித்தால் இது வராது. நீண்ட இறக்கத்தில் ஓவர்ரன் ஓயாமல் பிடிக்கும் என்பார்கள். கேப்பர் மலையை விட்டால் நம் பக்கத்தில் இறக்கமே ஏது?

படகை நீரில் இறக்கும் ட்ரெய்லருக்கு, மீன் ஏற்றுவதற்கு, பல வண்டிகள் மாறி இழுப்பதற்கு ஓவர்ரன்தான். உப்புத் தண்ணீரில் காந்தமும் வயர் ஜாயின்ட்டும் தாங்காது. ஒரே வண்டி, சாலை ஓட்டம், கனமான பாரம் என்றால் எலக்ட்ரிக்குக்குத் தாராளமாகப் போகலாம்.

பதிவு எண் டி.என். 31 ஆனாலும் பி.ஒய். 01 ஆனாலும், வெல்டிங் வைக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வரும்.